கழுகு பேட்ஜுக்கு அமெரிக்காவில் கிராக்கி! பழைய விமான என்ஜினில் இருந்தது என்று சொல்லி டூப்ளிகேட் விற்பனை

உள்ளங்கையில் அடங்கும் பேட்ஜ். நடுவில் ஒரு கழுகு. சுற்றிலும் "பிராட் அண்ட் விட்னி, நம்பகமான என்ஜின்கள்" என்று ஆங்கில எழுத்து. பழைய விமான என்ஜின்களில் பதித்திருந்த இந்த எனாமல் பேட்ஜைத் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். வாங்க ஆள் இருந்தால் ஏமாற்றவும் ஆள் வருவான் அல்லவா?

கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்போர்டு நகரில் 1925-ம் ஆண்டு தொடங்கிய கம்பெனி இது. முதல் என்ஜினின் பெயர் "வாஸ்ப்". அதாவது குளவி. 2-வது உலகப்போரில் இந்தக் கம்பெனியும், இதனிடம் லைசென்சு வாங்கிய கம்பெனிகளும் சேர்ந்து 3 லட்சத்து 60 ஆயிரம் என்ஜின்களுக்கு மேல் செய்து தள்ளின.

போர் முடிந்ததும் விமானங்களைக் கேட்பாரில்லை. அரிசோனா மாநிலத்தில் கிங்மன் என்ற இடத்தில் மட்டும் 5 ஆயிரத்துக்கு மேல் வந்து குவிந்தன. பெரும்பாலானவற்றை அலுமினியத்துக்காக உருக்கிவிட்டார்கள். காயலான் கடை கணக்குதான்!

கண்ணாடியா, பெயிண்டா?

அசல் எனாமல் பெயிண்ட் அல்ல. கண்ணாடித் தூள். அதைத் தகட்டில் பரப்பி, சுமார் 800 டிகிரி சூட்டில் உலையில் வைப்பார்கள். தூள் உருகித் தகட்டோடு பிடித்துக்கொள்ளும். பிறகு தேய்த்து மட்டமாக்குவார்கள். விரலால் தடவினால் உலோகக் கோடும் வண்ணமும் ஒரே மட்டத்தில் வழவழவென்று இருக்கும்.

மலிவுச் சரக்கில் வண்ணம் பள்ளத்தில் கிடக்கும். இல்லாவிட்டால் மேலே பிளாஸ்டிக் மாதிரி உப்பி நிற்கும். சாயப் பிசினை நிரப்பி, மட்டமாகத் தேய்த்த கில்லாடிச் சரக்கும் உண்டு. அதனால் அடிபட்ட இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கண்ணாடி என்றால் சில்லு தெறித்திருக்கும். பெயிண்ட் என்றால் கீறல் விழுந்திருக்கும், உரிந்திருக்கும். ஊசியால் குத்தினால் பிசின் இறங்கும். ஆனால், காசு கொடுக்கும் முன் குத்த கடைக்காரர் விடுவாரா?

"குண்டு போட்ட விமானம்!"

"ஜெர்மனி மேல் குண்டு போட்ட விமானத்தில் இருந்தது" என்று விற்பவர் அளப்பார். விலை ஏறும். ஆனால் கழுகு பேட்ஜில் கம்பெனி பெயர்தான் உண்டு. என்ன மாடல், என்ன நம்பர் என்பதெல்லாம் என்ஜினில் உள்ள வேறொரு தகட்டில் இருக்கும். அதில் ஆர்-1830 என்று இருந்தால் "டுவின் வாஸ்ப்" என்ஜின். டகோட்டா விமானத்தில் ஓடியதும் இந்த ஜாதிதான். 1830 என்பது சிலிண்டர்களின் மொத்த அளவு, கன அங்குலக் கணக்கில்.

சிலர் முழுசாக நிற்கும் என்ஜினிலேயே ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்புகிறார்கள். தகடு வளையும். கண்ணாடி உதிரும். பேட்ஜும் போச்சு, என்ஜினின் முகமும் போச்சு.

கழற்றும் முன் எடுத்த போட்டோவோ, என்ஜின் நம்பர் எழுதிய சீட்டோ இல்லாமல் வரும் கழுகுக்கு, விவரம் தெரிந்தவர்கள் பேட்ஜ் விலை மட்டுமே கொடுப்பார்கள். குண்டு போட்ட கதைக்குக் காலணா கிடையாது.