படைவீரரும் தன்பாலீர்ப்பும்

நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பட்டாளத்துச் சம்பளம் என்பது மழையை நம்பாத வருமானம். அதற்காக விடியற்காலையில் சாலையில் ஓடிப் பழகும் இளைஞர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உயரம், மார்பளவு, ஓட்டம் ஆகியவற்றை அளந்து ஆளெடுக்கிறார்கள். அந்த இளைஞனின் மனம் பெண்ணை நாடுகிறதா, ஆணை நாடுகிறதா என்பதையும் ஒரு தகுதியாகக் கொள்ள வேண்டுமா? கேட்கவே கூச்சமாயிருக்கிறது என்பீர்கள். பல நாட்டுப் படைகள் கூச்சப்படாமல் இதை ஆராய்ந்திருக்கின்றன.

தன் பாலினத்தவரிடமே ஈர்ப்புக் கொள்வது தன்பாலீர்ப்பு எனப்படும். இது ஒரு மனநோய் என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் எண்ணினர். எவலின் ஹூக்கர் என்ற அமெரிக்க உளவியலார் தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களையும், அஃதில்லாத 30 ஆண்களையும் சோதித்து, பெயர் குறிப்பிடாமல் விடைகளை வல்லுநர்களிடம் கொடுத்தார். யார் எந்த வகையினர் என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை! அந்த ஆய்வு 1957இல் வெளிவந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990இலும் இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கின.

படைத் தலைவர்கள் சொல்லிவந்த காரணம் வேறு. ஒரே கூடாரத்தில் உண்டு உறங்கும் வீரர்களிடையே இத்தகையவர் ஒருவர் இருப்பது தெரிந்தால் ஒற்றுமை குலையும் என்றார்கள். இந்த அச்சத்தை எப்படி அளப்பது? "என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று வீரர்களையே கேட்பது ஒரு வழி. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. 1945இல் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்க வெள்ளையரிடம், கறுப்பர் அணிகளோடு ஒரே கம்பெனியில் இருப்பது பிடிக்குமா என்று கேட்டார்கள். அப்படிப் பழகியிராதவர்களில் 62 சதவீதம் பேர் துளியும் பிடிக்காது என்றனர். ஏற்கெனவே சேர்ந்து போரிட்டவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 7 சதவீதமே! கேள்விக்கு வரும் விடை வேறு, பழகிய பின் நடப்பது வேறு.

1993இல் ராண்ட் நிறுவன ஆய்வாளர்கள் ஒற்றுமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினர். ஒருவரையொருவர் பிடித்திருப்பது ஒன்று. செய்யும் பணியில் ஒன்றுபடுவது மற்றொன்று. வைக்கோற்படப்பு தீப்பிடித்தால் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளும் குடமெடுத்து ஓடிவருகிறார்கள் அல்லவா? போரில் பெரிதும் உதவுவது இந்த இரண்டாவது வகையே என்பது அவர்கள் முடிவு. ஆயினும், வெளியே சொல்லாதவரை பணியில் இருக்கலாம் என்ற அரைகுறை ஏற்பாட்டையே அமெரிக்கா அவ்வாண்டில் கொண்டுவந்தது. அது 2011இல் ஒழிவதற்குள் 13,000 பேருக்கு மேல் வேலை இழந்தனர். பிரிட்டன், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பணிந்து, 2000 ஜனவரியில் தடையை நீக்கியது. அஞ்சிய குலைவு அங்கு ஏற்படவில்லை. பழைய தடைக்காக அந்நாட்டுப் பிரதமர் 2023இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்டார்.

நம் நாட்டுக்கு வருவோம். 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மனமொத்து நடத்தும் தன்பால் உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. நான்கே மாதங்களில், இராணுவத்தில் இதை அனுமதியோம் என்று அப்போதைய தரைப்படைத் தலைவர் பிபின் ராவத் அறிவித்தார். இது எப்படி முடியும்? அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவோ, இயற்கைக்கு மாறான இழிநடத்தைக்கு ஏழாண்டுச் சிறை வரை விதிக்கிறது. எது இயற்கைக்கு மாறானது என்று அது விளக்கவில்லை. என் கருத்தில் சிக்கலின் வேர் இதுதான். தன்பாலீர்ப்புள்ள இராணுவ அதிகாரி ஒருவரைப் பற்றிய திரைக்கதைக்குக்கூட 2022இல் பாதுகாப்பு அமைச்சகம் இசைவு தரவில்லை.

சீருடையென்றால் இராணுவம் மட்டுமா? மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தம் அறியாமையைப் போக்கிக்கொள்ளத் தாமே ஓர் உளவியலாரிடம் பாடம் கேட்டார். பிறகே 2021 ஜூன் 7இல் உத்தரவிட்டார். இவ்வீர்ப்பை மாற்றுவதாகக் கூறும் 'சிகிச்சை'களுக்கு அதில் தடை விதித்தார். தொடர்ந்து 2022இல் தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தியது. இத்தகையோரைத் துன்புறுத்தும் காவலர் இப்போது அந்த விதியை மீறியவராகிறார்.