லேப்டாப்பில் ஓடியது சர்வரிலும் ஓட...

2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடம் பேசினார். டாட்கிளவுட் நிறுவனத்தில் உருவான ஒரு கருவியை அன்று மேடையில் ஓட்டிக் காட்டினார். அதுதான் டாக்கர்.

அதற்கு அடித்தளமான நுட்பம் புதிதல்ல. ஒரு புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்று வரம்பு கட்டும் சி-குரூப்ஸ் வசதி 2008-லேயே லினக்ஸ் கெர்னலில் சேர்ந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் புரோகிராம்கள் கண்ணில் படாமல் மறைக்கும் நேம்ஸ்பேஸும் இருந்தது. அப்ளிகேஷனையும் அதற்குத் தேவையான லைப்ரரிகளையும் சேர்த்து ஒரே இமேஜாகக் கட்டி, எந்த லினக்ஸ் சர்வருக்கும் எளிதாகக் கொண்டுபோக டாக்கர் வழிசெய்தது. "என் லேப்டாப்பில் ஓடுகிறதே!" என்ற பழைய வாதத்துக்கு அங்கேதான் விடை கிடைத்தது.

ஜாங்கோவில் எழுதிய ஒரு வெப் அப்ளிகேஷனும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வேலை, இமேஜை எப்படிக் கட்ட வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லும் டாக்கர்ஃபைல். இதில் வரிகளின் வரிசை முக்கியம். ஒவ்வொரு வரியின் விளைவையும் டாக்கர் ஒரு லேயராகச் சேமித்துவைக்கிறது. ஒரு லேயர் மாறினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் புதிதாகக் கட்டப்படும். ஆகவே லைப்ரரிப் பட்டியல் கோப்பை மட்டும் முதலில் காப்பி செய்து இன்ஸ்டால் செய்ய வேண்டும். நம் கோட் அதற்குப் பிறகுதான். மாற்றிப் போட்டால், கோடில் ஒரு கமாவைத் திருத்தினாலும் எல்லா லைப்ரரிகளும் மறுபடி இன்ஸ்டால் ஆகும்.

இமேஜை ஓட்டினால் அது கன்டெய்னர். ஜாங்கோ, போஸ்ட்கிரஸ் என்ற இரண்டு கன்டெய்னர்களையும் சேர்த்து ஓட்ட டாக்கர் கம்போஸ். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. டேட்டாபேஸ் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதுவார்கள், கனெக்‌ஷன் கிடைக்காது. கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரே. கம்போஸ் கோப்பில் டேட்டாபேஸ் சர்வீஸுக்கு என்ன பெயர் வைத்தோமோ, அதுதான் முகவரி. இன்னொன்று: டேட்டாபேஸ் கன்டெய்னர் கிளம்பிவிட்டது என்பதாலேயே அது கேள்விக்குப் பதில் சொல்லத் தயார் என்று ஆகிவிடாது. அது தயாரா என்று சோதிக்கும் ஹெல்த்செக் எழுதி, அதில் தேறிய பிறகே ஜாங்கோ கிளம்பும்படி அமைக்க வேண்டும்.

டேட்டாவை, கன்டெய்னருக்கு வெளியே டாக்கர் வைத்திருக்கும் சேமிப்பிடமான வால்யூமில் வையுங்கள். கன்டெய்னரை நீக்கினாலும் வால்யூம் நிற்கும். ஆனால் 'டாக்கர் கம்போஸ் டவுன்' கட்டளையோடு 'வி' என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் வால்யூமும் போய்விடும். பேக்கப் எடுக்காதவர்கள் அந்த எழுத்தின் பக்கமே போகக்கூடாது.

டெவலப்மென்ட்டின்போது கோட் ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்கிறோம். சேவ் செய்தவுடன் மாற்றம் தெரிகிறது, வசதிதான். ஆனால் அந்த மவுன்ட் இமேஜில் உள்ளதை மறைத்துவிடுகிறது. இமேஜில் ஒரு கோப்பு விடுபட்டிருந்தால் லேப்டாப்பில் தெரியாது. சர்வருக்குப் போன பிறகுதான் தெரியும். எனவே டெப்ளாய் செய்யும் முன் மவுன்ட் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

சர்வரில் போய் மறுபடி இமேஜ் கட்டுவது எனக்கு உடன்பாடு இல்லாத பழக்கம். டெஸ்ட்டில் தேறிய அதே இமேஜ்தான் சர்வருக்கும் போக வேண்டும். இல்லையென்றால் இத்தனை பாடும் எதற்கு? 'லேட்டஸ்ட்' என்ற டேக்கை நம்பாமல் வெர்ஷன் எண் போட்டு வையுங்கள். நேற்றைய வெர்ஷனுக்குத் திரும்ப வேண்டிய இரவில் அந்த எண்தான் கைகொடுக்கும். ஜாங்கோவோடு வரும் ரன்சர்வர் டெவலப்மென்ட்டுக்கு மட்டுமே. சர்வரில் அதற்குப் பதிலாகக் குனிகார்ன் போன்ற ஒன்றை வையுங்கள். இடத்துக்கு இடம் மாறும் பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் முகவரி போன்றவற்றை இமேஜுக்கு வெளியே, என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுங்கள்.

உங்கள் டாக்கர்ஃபைலை இன்றே திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு வரி பாஸ்வேர்டை இமேஜுக்குள் கொண்டுபோயிருந்தால், அடுத்த வரியில் அழித்துவிட்டோம் என்று நிம்மதி அடையாதீர்கள். பழைய லேயரில் அது அப்படியே இருக்கும். இமேஜ் கையில் கிடைத்த யாரும் எடுத்துவிடலாம். வரியை நீக்குங்கள், பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.