தன்னைச் சொல்லக் கற்பது: டில்லியின் ஆங்கில வகுப்புகளும் கைப்பேசியும்

டில்லியில் யமுனைக்குக் கிழக்கே லக்ஷ்மி நகர் மெட்ரோ நிலையத்தில் இறங்கிப் பிரதான சாலையை விட்டுச் சற்று உள்ளே நடப்பவர், சி.ஏ. பரீட்சைக்கும் வங்கி உத்தியோகத்துக்கும் பயிற்சி தரும் நிலையங்களின் பலகைகளுக்கு நடுவே, சரளமாக ஆங்கிலம் பேசக் கற்றுத்தருவதாக வாக்களிக்கும் பலகைகளையும் எண்ணி முடிக்கமாட்டார். வடக்கே முகர்ஜி நகரிலும் நிலைமை இதுவேதான். பலகைகளில் கட்டணமும் காலமும் வேறுபட்டாலும், உள்ளே நடக்கும் முதல் நாள் அப்பியாசம் பெரும்பாலும் ஒன்றே: மாணாக்கர் ஒவ்வொருவராக எழுந்து நின்று ஆங்கிலத்தில் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

பெயர், ஊர், தகப்பனார் பார்க்கும் வேலை, படித்த படிப்பு, ஓய்வு நேரத்தில் கிரிக்கெட் அல்லது சினிமாப் பாட்டு என்ற வரிசை மாறாமல், நாற்பது பேரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஒப்பித்துவிட்டு உட்காருகிறார்கள். டில்லியின் புஸ்தக் மகால் வெளியிட்டு, கபில் தேவின் படத்தோடு விளம்பரமாகி, தமிழ் உள்பட நம் பாஷைகள் பலவற்றின் வழியாக ஆங்கிலம் கற்பித்த ‘ரேபிடெக்ஸ்’ புஸ்தகத்தின் காலத்திலிருந்தே இந்த மனப்பாடம் தொடர்கிறது. மனப்பாடத்தை நான் இகழவில்லை. நாக்கு வளையாதவனுக்கு அது ஆரம்ப உபகாரந்தான். ஆனால் முப்பத்தொன்பது பேரும் காது கொடுக்காமல் தத்தம் முறைக்காக நெஞ்சு படபடக்கக் காத்திருக்கும்போது நாற்பதாமவன் பேசுவதைச் சம்பாஷணை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தச் சிறு அப்பியாசத்துக்கு இத்தனை விசாரணை எதற்கு என்று கேட்பவர்கள், வேலைக்கான நேர்காணலில் முதலில் விழும் கேள்வி எது என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் நடக்கும் சோதனையும் அறிமுகப் பேச்சோடுதான் துவங்குகிறது. டில்லி அரசாங்கமே 2022 ஜூலையில், தன் திறன் மற்றும் தொழில்முனைவோர் பல்கலைக்கழகத்தின் மூலமாக 50 மையங்களில் ஒரு லட்சம் இளைஞர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் பேச்சு ஆங்கிலம் கற்பிக்கப் போவதாகவும், முன்பணமாக வாங்கும் 950 ரூபாயையும் படிப்பு முடிந்ததும் திருப்பித் தரப் போவதாகவும் அறிவித்தது. ஆகவே இது வெறும் வகுப்பறை விளையாட்டு அல்ல, பலருடைய ஜீவனோபாயத்தோடு பிணைந்த விஷயம்.

இந்த இடத்தில்தான் ஆங்கில ஆசிரியர்கள் பல தேசங்களில் கையாண்டுவரும் டிஜிட்டல் அறிமுகப் பயிற்சிகள் பிரவேசிக்கின்றன. மாணவன் தன் குரலைப் பதிவு செய்து அனுப்புகிறான். அல்லது முகம் காட்டாத ஆறு புகைப்படங்களை அடுக்கி அவற்றின்மேல் பேசுகிறான். அல்லது தேசப்படத்தில் தான் வாழ்ந்த ஊர்களைக் குறித்து ஊருக்கு இரண்டு வாக்கியம் சேர்க்கிறான். அல்லது கேலிச்சித்திரப் பொம்மை ஒன்றைத் தெரிந்தெடுத்து அதன் வாயால் தன் கதையைச் சொல்கிறான். எல்லோருடைய பதிவுகளும் ஒரு பொதுப் பலகையிலோ வாட்ஸப் குழுவிலோ வந்து சேர, மற்றவர்கள் அவகாசமாகக் கேட்கிறார்கள். இவற்றால் விளையும் முதல் நன்மை, மேடையில் நின்று பேசுபவனுக்குக் கிடைக்காத ஒன்று: பிடிக்காத பதிவை அழித்துவிட்டு மறுபடி பேசலாம். நாற்பது விநாடிப் பதிவு ஒன்றை அனுப்புவதற்கு முன்னால் கூச்சமுள்ள பெண்ணொருத்தி அதை ஏழெட்டுத் தரம் சொல்லிப் பார்க்கிறாள் என்றால், உபாத்தியாயர் எவ்வளவு வற்புறுத்தியிருந்தாலும் செய்திராத அப்பியாசத்தை அவள் தானாகவே செய்து முடித்துவிடுகிறாள்.

ஆயினும் கருவி வந்ததாலேயே பயிற்சிக்கு உயிர் வந்துவிடாது. கேட்பவனுக்குத் தெரியாத ஏதோ ஒன்று சொல்பவனிடம் இருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளும் தேவை கேட்பவனுக்கு உண்டாக வேண்டும். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்தி, பெங்களூர்த் திட்டம் என்ற பெயரால் உலகெங்கும் பேசப்பட்ட பரிசோதனை இதை நமக்கு நன்றாக விளக்கிவைத்தது. இலக்கணத்தை முன்னால் வைக்காமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போவது என்று தீர்மானிப்பது போன்ற பணிகளைக் கொடுத்து, அந்த முயற்சியில் பாஷை தானே படியட்டும் என்றார் அவர். ஒருவரிடம் உள்ள தகவல் மற்றவரிடம் இல்லாத நிலை, தெரிந்ததிலிருந்து தெரியாததை ஊகிக்க வேண்டிய நிலை, சொந்த அபிப்பிராயம் சொல்ல வேண்டிய நிலை என்று பணிகளை மூன்றாக வகுத்து, நடுவில் உள்ளதையே அவர் மிகவும் விரும்பினார். வண்ணப் பின்னணியும் சங்கீதமும் சேர்த்து ஜோடித்த வீடியோவானாலும், அந்த மூன்றில் ஒன்றும் அதில் இல்லையென்றால், அது பழைய ஒப்பித்தலுக்குப் பட்டுச் சட்டை போட்டதுதான்.

டில்லிக்கே பொருந்தும் பயிற்சி ஒன்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே ஓடத் துவங்கிய மெட்ரோ ரயிலில், ஷம்மி நாரங் ஹிந்தியிலும் ரினி சைமன் கன்னா ஆங்கிலத்திலும் சொல்லும் அறிவிப்புகள் நகரவாசிகளின் காதில் வருஷக்கணக்காக ஊறிப்போயிருக்கின்றன. அடுத்த நிலையம் இன்னது, கதவுகள் இன்ன பக்கம் திறக்கும், இன்ன பாதைக்கு மாற வேண்டியவர்கள் இங்கே இறங்கவும் என்ற அந்த ஆங்கில வாக்கியங்களின் ஏற்ற இறக்கத்தை, ஆங்கிலமே வராது என்று சாதிப்பவன்கூடப் பிசகாமல் சொல்லிக் காட்டுவான். இந்தக் குரலையே இரவல் வாங்கித் தன் வாழ்க்கையை ஐந்து நிலையங்கள் உள்ள ஒரு பாதையாகக் காகிதத்தில் வரைந்து, படம் எடுத்து, அதன்மேல் முக்கால் நிமிஷம் பேசும்படி மாணவனிடம் சொல்லலாம். ‘அடுத்த நிலையம் தர்பங்கா, பாட்டி வீட்டுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கவும்’ என்று துவங்கி, ‘அடுத்த நிலையம் லக்ஷ்மி நகர், சி.ஏ. பாதைக்கு இங்கே மாறிக்கொள்ளவும், கணக்கு வராதவர்கள் வண்டியிலேயே இருக்கவும்’ என்று ஒருவன் ஆங்கிலத்தில் அறிவித்தால், வாக்கிய அமைப்பு இரவல் சரக்காக இருந்தாலும் விஷயம் முழுக்க அவனுடையதாகிவிடுகிறது. பிழை வருமோ என்ற பீதியும் குறைகிறது, ஏனெனில் சட்டகம் ஏற்கெனவே காதில் இருக்கிறது.

கேட்பவர்களுக்கும் வேலை உண்டு. பெயர் சொல்லாத மூன்று பதிவுகளைக் கேட்டு, எது யாருடையது என்று ஊகித்து, ஊகத்துக்குக் காரணம் சொல்லி, பிறகு தாங்கள் இறங்கிப் பார்க்க விரும்பும் ஒரு நிலையத்தைப் பற்றி அதன் சொந்தக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் பேச்சு முன்கூட்டிப் பதிவானதல்ல. உண்மையான சம்பாஷணை அங்கேதான் பிறக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சௌகரியம் உண்டு. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஜனக்புரி முதலிய இடங்களில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் படிக்கும் பிள்ளையோ, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மதுரைப் பையனோ, எந்தச் செயலியில் கணக்குத் துவங்கினாலும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வந்து திகைத்து நிற்கிறார்கள். அப்பாவின் பெயரை அங்கே நிரப்பிவிட்டால் மறுநாளிலிருந்து உலகம் அவனை அப்பா பெயர் சொல்லியே அழைக்கிறது. சர்மாவும் அரோராவும் நிறைந்த வகுப்பில், தன் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து எங்கிருந்து வந்தது என்று அந்தப் பையன் ஒரு நிமிஷம் விளக்கினால், கேட்பவர் எவருக்கும் தெரியாத சங்கதியை அவன் சொல்கிறான் என்பதில் சந்தேகமில்லை. கேள்விகளும் தாமாகவே வரும்.

இனி, முகத்தைப் பற்றி. கேமராவின் முன் நின்று பேசினால்தான் தைரியம் வரும் என்று சில ஆசிரியர்கள் பிடிவாதம் செய்கிறார்கள். லாஜ்பத் நகரிலும் போகலிலும் வசிக்கும் ஆப்கானிய அகதிகளை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். ஊரில் விட்டுவந்த உறவினரின் க்ஷேமத்தை எண்ணித் தம் முகமும் இருப்பிடமும் வெளியே போகாமல் காக்கவேண்டிய அவசியம் இத்தகையவர்களுக்கு இருக்கலாம். வீட்டாரின் சம்மதமின்றிப் படம் அனுப்ப இயலாத பெண்களும் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். இவர்களுக்குப் பொம்மை முகமும் வெறும் குரலும் சலுகைகளல்ல, பேசுவதற்கே வாசல்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகக் கருதி, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை வலியுறுத்தும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. பள்ளிப் பிள்ளையின் அறிமுக வீடியோவைப் பள்ளியின் விளம்பரத்துக்காக முகநூலில் ஏற்றும் வழக்கத்தை இனியாவது கைவிடுவது விவேகம்.

கருவிகளின் ஆயுளைப் பற்றியும் சொல்லவேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்து, மாணவர்கள் சிறு வீடியோக்களால் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ள வகைசெய்த ஃபிளிப்கிரிட், 2018-இல் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போய், 2022-இல் ஃபிளிப் என்று பெயர் சுருங்கி, 2024-இல் தனிச் செயலியாக இல்லாமலே மறைந்தது. அதை நம்பி வருஷம் முழுவதற்கும் பாடம் திட்டமிட்டிருந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து துவங்க நேர்ந்தது. மாணவர் கையில் ஏற்கெனவே இருக்கும் வாட்ஸப் குரல்பதிவே டில்லி வகுப்புகளுக்குப் போதுமானது என்பது என் அபிப்பிராயம். புதுக் கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டாம், இணையச் செலவும் சொற்பம். வீட்டுக்கு ஒரே கைப்பேசி இருந்து, அதுவும் தகப்பனாரோடு காலையில் வேலைக்குப் போய்விடும் குடும்பங்களுக்காக, பதிவுக்குக் கெடுவை மறுநாள் காலை என்று வைக்காமல் மூன்று இரவுகளாவது விட்டுக் கொடுக்கவேண்டும். குழுவில் வந்த பதிவின் கீழே சிவப்பு மையால் திருத்துவதுபோல் இலக்கணப் பிழைகளை எல்லோரும் பார்க்கப் பட்டியலிடும் ஆசிரியருக்கு அடுத்த வாரம் பதிவுகள் குறையும். அதற்குப் பதிலாக, அவரும் முக்கால் நிமிஷத்துக்குத் தம் குரலையே பதிவு செய்து, அந்தப் பாட்டி வீடு தர்பங்காவில் எந்தப் பக்கம் என்று கேட்டு அனுப்பலாம்.