கருப்பை அழற்சியைப் பதிவு செய்யும் முறை

நோயைக் கண்டறிந்து மருந்தளிப்பதோடு மருத்துவத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. கண்ட நோய் யாது, எப்பொழுது தோன்றியது, எதனைத் தொடர்ந்து வந்தது என்பவற்றைத் தெளிவாக எழுதி வைத்தலும் அக்கடமையைச் சேர்ந்ததேயாகும். எழுத்தில் ஒரு குறிப்பு விடுபடுமாயின், ஒரு தாயின் மரணம் தாய்மார் மரணக் கணக்கிலிருந்தே மறைந்துவிடக்கூடும். கடுமையான கருப்பை அழற்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பெங்களூரின் அல்சூர்ப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அனுப்புதல் தமிழர் வழக்கம். விளக்கத்தின் பொருட்டு ஒரு நிகழ்ச்சியைக் கற்பித்துக் கொள்வோம். அல்சூரில் வாழும் பெண்ணொருத்தி கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள தாய்வீட்டிற்குச் சென்று பிள்ளை பெறுகிறாள். சில நாட்களில் காய்ச்சல் காண்கிறது. பன்னிரண்டாம் நாள் அது முற்றவே, அவளைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்க்கின்றனர். குழந்தை பாட்டியிடம் தங்கிவிடுகிறது. நினைவிழந்த நிலையில் வந்தவள் அன்றிரவே இறந்துவிடுகிறாள். ‘குருதி நச்சுப்படல், காரணம், கடுமையான கருப்பை அழற்சி’ என்று இறப்புச் சான்றிதழில் எழுதப்படுகிறது. எழுதியது பொய்யன்று, ஆயினும் முழுமையன்று. பிள்ளைப்பேறு ஆகிப் பன்னிரண்டு நாட்களே ஆயின என்பது அதில் இல்லை.

இக்குறைபாட்டின் விளைவை அறிய, நோய்களுக்கு எண்ணிடும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் வெளியிடும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் ஒவ்வொரு நோய்க்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. ஈண்டுக் கூறப்படுபவை அதன் 10ஆம் திருத்தத்தைச் சேர்ந்தவை. கருப்பையின் கடுமையான அழற்சிக்கு ‘என் 71.0’ என்பது குறியீடு. நாட்பட்ட அழற்சிக்கு ‘என் 71.1’, இன்னதெனக் குறிப்பிடாவிடில் ‘என் 71.9’. இவை சிறுநீர், இனப்பெருக்க உறுப்புகளின் நோய்களைக் கூறும் 14ஆம் அதிகாரத்தில் அமைந்தவை. பிரசவத்தின் பின் தோன்றும் கருப்பை அழற்சியோ 15ஆம் அதிகாரத்தில் ‘ஓ 85’ என்னும் குறியீட்டைப் பெறும். (இங்கு முதலில் நிற்பது ‘ஓ’ என்னும் எழுத்து, சுழியன்று.) கருச்சிதைவைத் தொடர்ந்து வரும் அழற்சிக்கும் அவ்வதிகாரத்திலேயே தனி இடம் உண்டு. உறுப்பு ஒன்றே, அழற்சியும் ஒன்றே. பிள்ளைப்பேற்றோடு உள்ள தொடர்பே அதிகாரத்தை மாற்றுகிறது. நாம் கற்பித்த மரணம், எழுதியவாறே கொண்டால், முதல் வகையிற் சேர்ந்து தாய்மார் மரணக் கணக்கிற்குப் புறம்பாகிவிடும்.

கர்ப்ப காலத்திலோ, அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தினாலோ அதன் பராமரிப்பினாலோ நிகழும் இறப்பே தாய்மார் மரணம் எனப்படும். விபத்து முதலிய தொடர்பற்ற காரணங்கள் இதில் அடங்கா.

பிரசவத்திற்குப் பின் இவ்வழற்சி எளிதில் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. நஞ்சுக்கொடி பிரிந்த இடம் கருப்பையின் உட்புறத்தில் ஒரு திறந்த புண் போன்றது. தூய்மையற்ற கையாலோ கருவியாலோ கிருமிகள் அவ்விடத்தை அடையுமாயின் விரைவிற் பெருகுகின்றன. நஞ்சின் துணுக்குகள் உள்ளே தங்கினும், பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்துப் பிரசவம் ஆயினும் அபாயம் மிகும். காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள கழிவு, கருப்பை உரியவாறு சுருங்காமை ஆகியவை இதன் அறிகுறிகள்.

பதிவேட்டின் பயனை வரலாறும் காட்டுகிறது. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. 1846ஆம் ஆண்டில் மருத்துவ மாணவர் பயின்ற முதற்பிரிவில் 4,010 பிரசவங்களுக்கு 459 தாய்மார் இறந்தனர். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் 3,754 பிரசவங்களுக்கு 105 பேரே இறந்தனர். இவ்வேறுபாட்டை ஆராய்ந்த செம்மல்வைசு என்னும் மருத்துவர், பிணச்சோதனை செய்த கைகளே நோயைக் கொண்டு வருகின்றன என முடிவு செய்து, 1847இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரால் கை கழுவும் விதியை ஏற்படுத்தினார். 1848இல் முதற்பிரிவின் இறப்பு நூற்றுக்கு ஒன்றேகால் அளவிற்குக் குறைந்தது. பிரிவுவாரியாகக் கணக்கு எழுதப்பட்டிராவிடில் இவ்வேறுபாடு புலப்பட்டிராது.

நம் நாட்டில் 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ், மருத்துவமனை இறப்புகளுக்கு 4ஆம் படிவத்திலும் பிற இறப்புகளுக்கு 4-அ படிவத்திலும் காரணச் சான்றிதழ் எழுதப்படுகிறது. இறப்பின் நேர்க்காரணத்தை மேல்வரியிலும், அதனை விளைவித்தவற்றை முறையே கீழ்வரிகளிலும் எழுதுதல் வேண்டும். அடியிலுள்ள வரியே பொதுவாக மூலகாரணமாகக் கொள்ளப்படும். ஒவ்வொன்றும் தோன்றியதற்கும் இறப்பிற்கும் இடைப்பட்ட காலத்தையும் குறித்தல் வேண்டும். நாம் கற்பித்த பெண்ணுக்கு மேல்வரியில் ‘குருதி நச்சுப்படல்’ என்றும், அதன்கீழ் ‘பிரசவத்திற்குப் பிற்பட்ட கடுமையான கருப்பை அழற்சி, பிரசவம் ஆகி 12 நாள்’ என்றும் எழுதியிருந்தால் ஐயத்திற்கு இடமிராது. இறந்தவர் பெண்ணாயின், இறப்பிற்குக் கர்ப்பத்தோடு தொடர்பு உண்டா, பிரசவம் ஆயிற்றா என்று படிவமே வினவுகிறது. அவ்விடத்தை வெறுமையாக விடலாகாது. ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதுவதாற் பயனில்லை. அது எல்லா இறப்பிற்கும் பொது.

களப்பணியாளர் செய்யத்தக்கவை சில உண்டு. மருத்துவமனையிற் பிள்ளை பெற்றவளை ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டிற் சென்று காணுதல் முறை. அப்பொழுது காய்ச்சல் உண்டா என்று கேட்டு நாளுடன் குறித்தல் வேண்டும். ‘ஜன்னி கண்டது’ என வீட்டார் கூறின் அச்சொல்லை அப்படியே எழுதலாகாது. மக்கள் வழக்கில் அது காய்ச்சற் பிதற்றலையும் குறிக்கும், வலிப்பையும் குறிக்கும். பிரசவ வலிப்பு வேறு நோய். அதன் குறியீடு ‘ஓ 15’. காய்ச்சல் முன்னர் வந்ததா, கைகால் வெட்டி இழுத்ததா எனக் கேட்டறிந்து, கண்டவாறு எழுதுக. ஊர் மாறிச் செல்லும் பெண்ணிடம் தாய்-சேய் பாதுகாப்பு அட்டை உடனிருக்கச் செய்க. கர்நாடகத்தில் தரப்படும் ‘தாயி’ அட்டைக்கும் இது பொருந்தும். ஆசிரியர்கள் பெற்றோரைச் சந்திக்குங்கால், மருத்துவமனைக்குச் செல்லும்போது அட்டையை எடுத்துச் செல்லுமாறும், பிரசவ நாளைக் கேளாமலே மருத்துவரிடம் கூறுமாறும் அறிவுறுத்தலாம்.

2018–20ஆம் ஆண்டுகளுக்குரிய மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய்மார் மரணம் இந்தியாவில் 97, கர்நாடகத்தில் 69, தமிழ்நாட்டில் 54. 2001–03இல் இந்திய அளவு 301 ஆக இருந்தது. எண்ணிக்கை குறையக் குறைய, விடுபடும் ஒவ்வொரு மரணமும் கணக்கை மிகுதியாகப் பிறழச் செய்யும். அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. தாய்மார் மரணம் எனப் பதிவாயினாலன்றி அதனைக் குறித்த விசாரணை நடைபெறுவது அரிது. விசாரணையின்றேல், அப்பெண் பிள்ளை பெற்ற அறையில் கையும் கருவியும் தூய்மையாக இருந்தனவா என்று எவரும் கேட்கமாட்டார். அவ்வறைக்கே அடுத்த தாயும் வருவாள் என்பதைச் சான்றிதழ் எழுதுவோர் நினைவிற் கொள்வாராக.