சுடுவது கைதான்... நேரத்தை மிச்சப்படுத்துவது கால்!

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஒரு கையைப் பாக்கெட்டுக்குள் விட்டபடியே சுட்டு, கலப்புக் குழுப் போட்டியில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகெச்சை மறந்திருக்க மாட்டீங்க. சுடும்போது அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை.

ஆனால் ஓடி ஓடிச் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டியும் இருக்கு. அதை நடத்தும் ஐபிஎஸ்சி அமைப்பு 1976இல் தொடங்கப்பட்டது. அதன் உலகப் போட்டி நம் வட்டாரத்திலும் நடந்திருக்கிறது: 2008இல் பாலி, 2022இல் பட்டாயா.

காலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

இங்கே பெற்ற புள்ளிகளை, எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுப்பார்கள்.

ஒரு சுற்றில் 20 முறை சுடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இலக்கின் நடுப்பகுதியில் பட்டால் தலா 5 புள்ளி. எல்லாமே நடுவில் பட்டால் 100.

20 விநாடியில் முடித்தால் விடை 5. 18 விநாடியில் முடித்தால் சுமார் 5.56.

100க்கு மேல் புள்ளி எடுக்க வழியே இல்லை. விரலை அவசரப்படுத்தினால் குறி தவறிப்போகலாம். அப்போ அந்த 2 விநாடியை எங்கே மிச்சம் பிடிப்பது? ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் நேரத்தில்தான்.

எப்படி நகர்வது?

- நிற்கும்போது: கால்களைத் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விரித்து, முழங்காலை லேசாக மடக்குங்க. பேட்மிண்டனில் பந்துக்குத் தயாராக நிற்பதுபோல.

- கிளம்பும்போது: காலைப் பின்னால் வைத்துவிட்டு ஓடினால் ஓர் அடி வீண். போகும் திசைக்கு எதிர்க்காலால் தரையை உந்துங்க.

- நடந்துகொண்டே சுடும்போது: சின்னச் சின்ன அடி. குதிகாலில் தொடங்கி விரல்வரை பாதம் உருளணும். மடங்கிய முழங்கால் அதிர்வை வாங்கிக்கொள்ளும். துப்பாக்கி அதிகம் குலுங்காது.

- போய்ச் சேரும்போது: கடைசிச் சில அடிகளைச் சுருக்கி வேகத்தைக் குறைங்க. கால் நிற்பதற்கு முன்பே துப்பாக்கி கண்ணுக்கு நேராக வந்திருக்கணும். நின்ற பிறகு தூக்கினால் நேரம் போச்சு!

வேகத்துக்கும் வேலி உண்டு

தரையில் போட்ட எல்லைக்கோட்டுக்கு வெளியே கால் பட்டபடி சுட்டால் 10 புள்ளி பறிபோகலாம். சாதகம் அதிகம் என்று நடுவர் கருதினால், சுட்ட ஒவ்வொரு முறைக்கும் 10.

இடம் மாறும்போது விரல் விசைக்கு வெளியே இருக்கவேண்டும். துப்பாக்கி முனை இலக்குத் திசையிலிருந்து 90 பாகைக்கு மேல் திரும்பவே கூடாது. மீறினால் போட்டியிலிருந்தே நீக்கம்.

வலக்கைக்காரர்கள் இடப்பக்கம் ஓடும்போது கூடுதல் கவனம் தேவை. உடல் இடப்பக்கம் திரும்பியிருக்கும் நிலையில் மேகசினை மாற்றினால், முனையும் கூடவே திரும்பிவிடும். உடல் எங்கே ஓடினாலும் முனை இலக்குப் பக்கமே இருக்கணும்.

பழகிப் பார்க்கலாமா?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையானது. சுடுவதை முறையான மன்றத்தில், பயிற்றுவிப்பாளர் முன்னிலையில்தான் கற்கவேண்டும்.

கால் வேலைக்கு அது தேவையில்லை. தரையில் இரண்டு குறி வைத்து, வெறுங்கையோடு கிளம்பி, சேர்ந்து, நின்று பாருங்க. பொம்மைத் துப்பாக்கிகூட வேண்டாம். கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தாலே போதும்.