வாய்தா வாங்குவது வெற்றியா?
கம்பெனி வக்கீலின் தொழிலைப் பற்றிச் சில விஷயங்கள்

வக்கீல் என்றதும் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருகிறவர் கொலைக் கேஸ் நடத்தும் வக்கீல்தான். சாட்சியைக் கூண்டில் நிறுத்தி, "அன்று இரவு நிலா எத்தனை மணிக்கு உதித்தது?" என்று கேட்டு அவனைத் திணற அடிப்பார், கச்சேரி கூடம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கும். கம்பெனி வழக்கு நடத்தும் வக்கீலுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. அவருடைய சாட்சி பெரும்பாலும் கணக்குப் புஸ்தகம். குறுக்கு விசாரணை நடப்பது ஒரு பற்று வரவுப் பேரேட்டின் மேல். பக்கத்திலிருந்து வேடிக்கை பார்ப்பவருக்குக் கொட்டாவிதான் வரும். ஆனால் அந்தக் கொட்டாவிக்கு நடுவில், ஆயிரம் குடும்பங்களின் அடுப்பு எரியுமா அணையுமா என்பது தீர்மானமாகிக் கொண்டிருக்கும்.

முதலில், கம்பெனி என்பது யார்? சட்டத்தின் கண்ணில் அது ஓர் ஆள். அதற்குக் கை கால் இல்லை, பசியில்லை, வெட்கமும் இல்லை. ஆனால் சொத்து வாங்கலாம், கடன் படலாம், வழக்குத் தொடுக்கலாம். இங்கிலாந்தில் ஸாலமன் என்ற செருப்பு வியாபாரி தம் சொந்தக் கடையையே கம்பெனியாக்கினார். பங்குகளில் ஆறைத் தவிர மற்றவை எல்லாம் அவர் பெயரில். அந்த ஆறும் வீட்டு மனிதர்கள் பெயரில். கம்பெனி நொடித்துப் போனபோது, "கம்பெனி வேறு, ஸாலமன் வேறு, கம்பெனிக் கடனுக்கு அவர் பொறுப்பாளி அல்ல" என்று 1896-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிற்று. உலகத்துக் கம்பெனிச் சட்டமெல்லாம் இன்றுவரை இந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது. கம்பெனி வக்கீலின் தொழிலில் பாதி இந்தத் திரையைக் காப்பது. மற்றப் பாதி, திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று கண்டுபிடிப்பது.

சென்னையில் ஒரு பாடசாலை

நம் நாட்டில் இந்தத் தொழிலின் பெருமையைக் காட்டியவர்களில் முதன்மையாக நிற்பவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1906 அக்டோபரில் சென்னையின் பிரசித்தி பெற்ற ஆர்பத்நாட் கம்பெனி திடீரென்று கதவை மூடிற்று. உத்தியோகஸ்தர்கள், பென்ஷன்காரர்கள், விதவைகள், கோவில் தர்மகர்த்தாக்கள் என்று எத்தனையோ பேர் வெள்ளைக்காரப் பெயரை நம்பிப் போட்டு வைத்திருந்த பணம் கண் முன்னே கரைந்தது. கிருஷ்ணசாமி ஐயர் பணம் கொடுத்து ஏமாந்தவர்களின் பக்கம் நின்று வழக்காடினார். கம்பெனியின் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டுப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

இதோடு நின்றிருந்தால் ஐயரை ஒரு கெட்டிக்கார வக்கீல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வழக்கில் ஜெயிப்பதனால் போன பணம் முழுவதும் திரும்பி வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஜனங்களுக்கு நம்பிக்கையான ஒரு பாங்கு வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிப் பங்கு சேர்த்தார்கள் அவரும் அவருடைய நண்பர்களும். 1907 ஆகஸ்டு 15-ஆம் தேதி இந்தியன் பாங்கு தொழில் தொடங்கிற்று. இடிந்த வீட்டுக்கு நஷ்ட ஈடு கேட்டுவிட்டு, அதே மூச்சில் புது வீட்டுக்கு அஸ்திவாரமும் போட்ட வக்கீல் அவர். 1909-ல் ஹைகோர்ட்டு நீதிபதியானார். 1911-ல் ஐம்பது வயது நிரம்பு முன்பே காலமானார்.

மங்கலத்துக்கு வருவோம்

கம்பெனி வழக்கெல்லாம் சென்னைப் பட்டணத்தோடு சரி என்று எண்ணிவிட வேண்டாம். திருப்பூருக்கு மேற்கே, சோமனூர் போகிற வழியில், நொய்யல் ஆற்றை ஒட்டி இருக்கிறது மங்கலம். தறிச் சத்தமும் சாயப் பட்டறைப் புகையும் உள்ள ஊர். ஒரு பனியன் உருவாவதற்கு நூல் மில், பின்னல் மெஷின், சாயப் பட்டறை, கட்டிங், தையல், செக்கிங், பாக்கிங் என்று எத்தனையோ கைகள் மாறவேண்டும். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு பில். ஒவ்வொரு பில்லிலும் ஒரு வழக்குக்கு வித்து இருக்கிறது.

சாயம் சீராக ஏறவில்லை என்று துணியைத் திருப்புவார் ஒருவர். நூலே கோளாறு என்பார் சாயக்காரர். கப்பல் தவறியதால் விமானத்தில் அனுப்பிய செலவை யார் தலையில் கட்டுவது என்று ஏற்றுமதிக்காரர் யோசிப்பார். இவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் இடம் வக்கீல் ஆபீஸ்.

அங்கே முதல் வேலை வாதம் அல்ல, நாள் பார்ப்பதுதான். செக் திரும்பினால், பாங்கின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போகவேண்டும்; அது சேர்ந்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும். சிறு தொழில் செய்கிறவருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும் என்றும், தவறினால் பாங்கு விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி என்றும் 2006-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வர்த்தகத் தகராறுகள் தனி வர்த்தகக் கோர்ட்டுக்குப் போகின்றன. அவசரத் தடையுத்தரவு வேண்டியிருந்தாலொழிய, அங்கே வழக்குப் போடு முன்பே சமரசப் பேச்சு நடத்தியாக வேண்டும். எதிர்வாதம் 120 நாளுக்குள் வராவிட்டால் அந்த உரிமையே போய்விடும். ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத பாக்கி என்றால், கடன்பட்ட கம்பெனியின் மேல் 2016-ஆம் வருஷத்து திவால் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால், "சரக்கே சரியில்லை" என்று எதிராளி முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், சரக்குக் கொடுத்தவரின் மனு அங்கே நிற்காது. ஒரு பழைய கடிதம் ஒரு கோடி ரூபாய் வழக்கைச் சாய்த்துவிடும்! ஆகவேதான் கம்பெனி வக்கீல் கடிதக் கட்டைப் படித்துப் படித்துக் கண்ணாடி மாற்றுகிறார்.

குடும்பஸ்தர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம் பக்கத்துக் கம்பெனிகளில் பெரும்பாலானவை குடும்பக் கம்பெனிகள். அண்ணன் மானேஜிங் டைரக்டர், தம்பி டைரக்டர், மனைவிமார் பெயரிலும் பங்கு. "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று சாப்பாட்டு மேஜையில் காகிதம் நீட்டப்படுகிறது. அது பாங்குக் கடனுக்குச் சொந்த ஜாமீனாக இருந்தால், ஸாலமனைக் காப்பாற்றிய திரை அந்த அம்மாளைக் காப்பாற்றாது. கம்பெனி நொடித்தால் அவருடைய நகையும் வீடும் பதில் சொல்ல வேண்டும். மறுபக்கத்தில், பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர், நிர்வாகத்தில் தமக்கு அநீதி நடக்கிறதென்று தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சகோதரச் சண்டை என்று வீட்டில் சொல்வதற்குத் தீர்ப்பாயத்தில் இட்ட பெயர்தான் 'அடக்குமுறையும் நிர்வாகச் சீர்கேடும்'.

ஆறு தொடுத்த வழக்கு

இந்தப் பிரதேசத்தின் பெரிய வழக்கு எதுவென்றால், பில்லைப் பற்றியதுமல்ல, பங்கைப் பற்றியதுமல்ல, தண்ணீரைப் பற்றியது. கம்பெனி வக்கீலாக விரும்பும் இளைஞர் எவரும் இதை ஒரு பாடமாகப் படிக்கவேண்டும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூர், திருப்பூர் வழியாகச் சென்று, கரூர் ஜில்லாவில் காவேரியோடு கலக்கிறது நொய்யல். பின்னலாடை வியாபாரம் பெருகப் பெருக, சாயப் பட்டறைக் கழிவு நீர் இந்த ஆற்றில் இறங்கிற்று. விவசாயத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாய நீர் தேங்கிற்று. கீழே உள்ள விவசாயிகள், "தண்ணீர் விடுங்கள்" என்று கேட்பதற்குப் பதில், "தேக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிடும்படி ஆயிற்று. 1996-ல் கரூர்ப் பக்கத்து விவசாயிகள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். அதே வருஷம், வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் சம்பந்தமான வழக்கில், "மாசு செய்தவனே அதற்கு விலை கொடுக்கவேண்டும்" என்ற கொள்கையை ஸுப்ரீம் கோர்ட்டு நிலைநாட்டிற்று.

பட்டறைக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லக் கூடாது. பல பேர் ஒன்று சேர்ந்து, கம்பெனிகளாகப் பதிவு செய்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். ஆனால் அந்த ஆரம்ப நிலையங்கள் நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். அது தண்ணீரில் கரைந்தே நிற்கும். சுண்ணாம்பு போட்டாலும் அடியில் தங்காது. எவ்வளவு சாமர்த்தியமான வாதமும் அந்த உப்பை இல்லாமற் செய்துவிட முடியாது. வழக்கின் உயிர்நிலை இந்த ரஸாயன உண்மையில் இருந்தது.

2003-ல் நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் ஹைகோர்ட்டில் மனுப் போட்டது. 2006 டிசம்பர் 22-ஆம் தேதி உத்தரவு பிறந்தது: 2007 ஜூலை 31-க்குள் ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே விடாத நிலைக்கு வரவேண்டும், அதுவரை வெளியே விடும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம். பைசாதானே என்று நினைக்கலாம். நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு 6 பைசா வீதம் தினம் 6,000 ரூபாய். 10 பைசா வீதம் மாதம் 3 லட்சம் ரூபாய்!

சாயப் பட்டறை முதலாளிகள் சங்கம் ஸுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2009 அக்டோபரில் அந்த மேல்முறையீடும் பலிக்கவில்லை. மூன்று மாதத் தவணை மட்டும் கிடைத்தது. தவணையும் கழிந்தது. 2011 ஜனவரி 28-ஆம் தேதி, திருப்பூரிலுள்ள சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடி, மின்சாரத்தைத் துண்டிக்கும்படி ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. துணிக்குச் சாயமேற்ற வெளியூர்களுக்கு லாரி போயிற்று. வாரக் கூலியை நம்பியிருந்தவர்கள், எந்த வழக்கிலும் கட்சிக்காரர்களாக இல்லாதவர்கள், வீட்டுக்குப் போனார்கள்.

எது வெற்றி?

1996 முதல் 2011 வரை பதினைந்து வருஷம். இதற்குள் எத்தனை வாய்தா, எத்தனை கால அவகாசம்! ஒவ்வொரு அவகாசமும் கிடைத்த அன்று ஜெயம் போலத்தான் தோன்றியிருக்கும். ஆனால் அவகாசம் என்பது கடன் வாங்கிய பணம் மாதிரி. அதைக் கொண்டு வேலை செய்தால் லாபம், உட்கார்ந்து சாப்பிட்டால் வட்டியோடு திருப்பித் தரவேண்டும். பிற்பாடு, சவ்வு வழியே நீரை வடிக்கும் சாதனங்களையும், எஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சும் கொப்பரைகளையும் அமைத்த நிலையங்களே ஒவ்வொன்றாகத் திறந்தன. வடித்த நீரும் மீட்ட உப்பும் மறுபடி சாயத் தொட்டிக்கே போயின. செலவு அதிகந்தான். ஆனால் இதைத் தானே தொடக்கத்திலிருந்து சட்டம் கேட்டுக்கொண்டிருந்தது?

கட்சிக்காரர் வந்து, "ஏனுங்க வக்கீலய்யா, ஒரு ஸ்டே வாங்கிப் போடலாமுங்களா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "வாங்கலாமுங்க" என்று சொல்லிப் பீஸை வாங்கிக் கொள்வது சுலபம். "வாங்கலாமுங்க, ஆனா அந்த ஆறு மாசத்துல தொட்டியக் கட்டி முடிச்சிருவீங்களா, அதச் சொல்லுங்க" என்று கேட்பவரே கம்பெனி வக்கீல். முன்னவருக்குக் கட்சிக்காரர் அடுத்த வாய்தாவரை இருப்பார். பின்னவருக்குப் பேரன் காலம் வரை இருப்பார்.

இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகளும் பெண்களும் என்ன செய்யவேண்டும்? பள்ளி இறுதி முடித்தவருக்கு ஐந்து வருஷம், பட்டதாரிக்கு மூன்று வருஷம் சட்டப் படிப்பு; பிறகு பார் கவுன்சிலில் பதிவு; அகில இந்திய பார் பரீட்சை. இவை வாசற்படிகள்தாம். உள்ளே போனபின் ஒரு சீனியரிடம் சில வருஷம் கட்டுத் தூக்கவேண்டும். ஆங்கிலத்தில் மனு எழுதவேண்டும். தமிழில் கட்சிக்காரரின் மனத்தைப் படிக்கவேண்டும். பாலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியவேண்டும். அதற்கு மேல், மங்கலத்தில் தொழில் செய்கிறவரானால், ஒரு நாள் பட்டறைக்குள் போய்த் தொட்டியருகே நின்று, சாயம் எப்படி ஏறுகிறது, உப்பு எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கவேண்டும்.

வழக்கில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று நம் கிழவிகள் சொல்வார்கள். அந்தப் பழமொழியைப் பொய்யாக்குவதே நல்ல வக்கீலின் வேலை. கோர்ட்டுக்குப் போகாமலே தீர்ந்த தகராறுகளுக்குச் சட்டத் தொகுப்பில் இடமில்லை. அவற்றைத் தீர்த்து வைத்தவர் பெயரும் பத்திரிகையில் வராது. ஆனால் கூலி தவறாத வீடுகளிலும், உப்புக் கரிக்காத கிணறுகளிலும் அவருடைய தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும்.