கைப்பேசியின் புதுப்பிப்பும் பின்வரும் கோளாறுகளும்

நம் சங்கத்து அங்கத்தினர்களில் கைப்பேசி இல்லாதவர் இன்று அரியர். நூல் விலையும் சந்தை நிலவரமும் அதிலேயே வருகின்றன. சேலையின் கரையையும் முந்தியையும் படம் பிடித்து வாங்குவோருக்கு அனுப்புவதும், விளைபொருளுக்குரிய பணத்தை யு.பி.ஐ. வழியாகப் பெறுவதும் அதிலேயே நடைபெறுகின்றன. இத்தகைய கருவி, 'அப்டேட்' எனப்படும் மென்பொருள் புதுப்பிப்பை ஏற்ற மறுநாள் சூடேறுவதும், பேட்டரி அரை நாளில் தீர்ந்துபோவதும், சில ஆப்கள் திறவாமல் நிற்பதும் உண்டு. அப்போது சிலர் புதுக் கைப்பேசி வாங்கப் புறப்படுகின்றனர். சிலர் கடையில் கொடுத்து, உள்ளிருந்த யாவும் அழிந்த நிலையில் திரும்பப் பெறுகின்றனர். வேறு சிலர் இனிப் புதுப்பிப்பே வேண்டாம் என்று முடிவு கட்டுகின்றனர். இம்மூன்றும் பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய நஷ்டங்களே. கோளாற்றை எவ்வரிசையில் அணுகுவது என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

புதுப்பிப்பை அறவே மறுப்பது ஏன் தகாது என்பதை முதலில் காண்போம். 2015 ஜூலையில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' எனும் குறை வெளிப்பட்டது. ஒரு படச் செய்தியை அனுப்பியே அயலார் கைப்பேசிக்குள் நுழைய அது வழிவிட்டது. அடுத்த மாதம் முதல் கூகுள் நிறுவனம் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடலாயிற்று. பணம் புழங்கும் கருவியில் இத்திருத்தங்களை ஏற்காமலிருப்பது, தாழ் பழுதென்று தெரிந்தும் கதவைச் செப்பனிடாமல் உறங்குவதற்கு ஒப்பாகும்.

இனி, கோளாறு ஏன் தோன்றுகிறது? நாற்றைப் பிடுங்கி நட்டால் சில நாள் வாடி நின்று, பின்னரே பச்சை பிடிக்கிறது. கைப்பேசியும் அவ்வாறே. புதுப்பிப்பு முடிந்ததும் அது ஆப்களைப் புதிய அமைப்புக்கு ஏற்பச் சீர்செய்கிறது. படங்களை மீண்டும் வரிசைப்படுத்துகிறது. இவ்வேலைகள் நம் கண்ணுக்குப் புலப்படாமல் உள்ளே நடைபெறுவதால் சூடும் மின்செலவும் மிகுகின்றன. இரண்டு மூன்று நாட்களில் இவை பெரும்பாலும் தாமே தணியும். இரவில் சார்ஜரிலும், வசதியுள்ளோர் வைஃபையிலும் இணைத்து வைத்தால் விரைவில் முடியும்.

சில வேளைகளில் புதுப்பிப்பே குறையுடையதாய் அமைவதும் உண்டு. 2014 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐ.ஓ.எஸ். 8.0.1 எனும் பதிப்பை ஏற்ற ஐபோன் 6 கைப்பேசிகள் பலவற்றில் சிக்னல் அற்றுப்போயிற்று. அதனை அன்றே திரும்பப் பெற்று, மறுநாள் 8.0.2 பதிப்பை வெளியிட்டனர். பெரிய புதுப்பிப்பு வந்தவுடன் முந்திக்கொள்ளாது ஒரு வாரம் பொறுப்பது நன்று என்பதும், கோளாறு கண்டால் திருத்தப் பதிப்பு வந்துள்ளதா என்று செட்டிங்ஸில் பார்க்க வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும்.

மற்றுமொரு காரணம் பேட்டரியின் முதுமை. 2017 ஜனவரியில் வந்த ஐ.ஓ.எஸ். 10.2.1 பதிப்பு, பேட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென அணைந்துபோகாதிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்தது. இதனை அந்நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, 2018இல் குறைந்த விலைக்குப் பேட்டரி மாற்றித் தந்தது. பேட்டரி மாற்றியதும் பழைய வேகம் திரும்பிற்று. ஆகவே சில ஆண்டுகள் உழைத்த கைப்பேசி புதுப்பிப்புக்குப் பின் தளர்ந்தால், புதிது வாங்குமுன் பேட்டரியைச் சோதிப்பித்தல் வேண்டும்.

பொறுத்தும் சீராகவில்லையெனில் எளிய வழியிலிருந்து கடிய வழிக்குப் படிப்படியாகச் செல்ல வேண்டும். முதலாவது, கைப்பேசியை முழுவதும் அணைத்து மீண்டும் இயக்குதல். இரண்டாவது, பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் சென்று ஆப்களையும் புதுப்பித்தல். பழைய ஆப் புதிய அமைப்போடு ஒத்துப்போகாததே பல தடைகளுக்குக் காரணம். மூன்றாவது, ஸ்டோரேஜ் நிரம்பியிருந்தால் வேண்டாத வீடியோக்களை நீக்குதல். நான்காவது, ஆண்ட்ராய்டில் ஓர் ஆப் மட்டும் தொல்லை தந்தால் அதன் 'கேச்'சை மட்டும் அழித்தல். அதனருகே 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்றிருப்பதை அழுத்தலாகாது. அது அந்த ஆப்பில் சேமித்தவற்றையே அழித்துவிடும். ஐந்தாவது, சிக்னலோ வைஃபையோ கிடைக்காவிடில் நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்தல். இதனால் படங்கள் அழியா. வைஃபை கடவுச்சொற்களை மீண்டும் இட வேண்டிவரும்.

'ஃபேக்டரி ரீசெட்' என்பது இறுதி வழி. அது கைப்பேசியை வெறுமையாக்கிவிடும். பல ஆண்டுகளாகச் சேர்த்த டிசைன் படங்கள், கடன்-வரவுக் குறிப்புகள், வாங்குவோரின் எண்கள் ஆகியன பேக்கப் எடுக்கப்படாதிருப்பின் மீளா. கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் கையில் இல்லாமல் இதில் இறங்கலாகாது. பேக்கப்பைத் திரும்பப் பெற அதுவே திறவுகோல். வங்கிப் பணத்தைப் பற்றிக் கவலை வேண்டா. பணம் இருப்பது வங்கியில், கைப்பேசியில் அன்று. வங்கியில் பதிந்த எண்ணுடைய சிம்மைப் போட்டு, எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதி இருந்தால், யு.பி.ஐ. ஆப்பை மீண்டும் பதிவு செய்துகொள்ளலாம்.

கோளாற்றைக் காட்டிலும் கொடியது, அத்தருணத்தில் வரும் வஞ்சகம். 'உங்கள் வங்கி ஆப்பை அப்டேட் செய்யுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பை அனுப்பிப் பணம் பறிப்போர் உளர். உண்மையான புதுப்பிப்பு செட்டிங்ஸிலும் ஸ்டோரிலுமே கிடைக்கும். செய்தியில் அனுப்பப்படும் கோப்பாக வாராது. சரிசெய்து தருவதாக அழைத்து ஓ.டி.பி.யோ பின் எண்ணோ கேட்பவர் எவராயினும் அவருக்குச் சொல்லலாகாது.

சுருங்கச் சொன்னால், புதுப்பிப்புக்கு முன் பேக்கப், பின் சில நாள் பொறுமை, அதன்பின் எளியதிலிருந்து கடியதற்கு வரிசையான முயற்சி. இவற்றுள் முதன்மையானது பேக்கப்பே. அங்கத்தினர்கள் இன்றே டிசைன் படங்களுக்கும் கணக்குகளுக்கும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைப்பார்களாக. எழுதப் படிக்க அறியாத அண்டை வீட்டாருக்கும் அதனைச் செய்து கொடுப்பார்களாக. ஒருவர் அறிந்ததை மற்றவர்க்கு உதவுவதன்றோ கூட்டுறவு!